யோய்க்கும் ‘பற்றி’ என்னும் சொல்லுருபும்

நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் ஸாமி மக்களின் பாடல் வடிவம் யோய்க் எனப்படும். வட ஸாமி மொழியில் தனிப்பாடலை ‘லுவொஹ்தி’ என்பர். இதனை மொழிபெயர்ப்பு நோக்கில் ஆராய்வோர் முதலில் எதிர்கொள்வது இசைச் சிக்கலன்று, வேற்றுமைச் சிக்கலே. ‘யுவொய்கத்’ என்னும் வினை செயப்படுபொருளை நேரடியாக ஏற்பது. ஒரு மனிதனையோ ஓநாயையோ மலையையோ ஒருவர் யோய்க் செய்வார். அவற்றைப் ‘பற்றி’ யோய்க் செய்வதில்லை. ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் ‘பற்றி’ என்னும் பொருள்தரும் முன்னிடைச்சொல் நுழைந்துவிடுகிறது. பாடுவோன் ஒருபுறமும் பாடப்படுவது மறுபுறமுமாகப் பிரிந்துவிடுவது அச்சிறு சொல்லின் விளைவாகும்.

தமிழில் இவ்விடர் இல்லை எனத் தோன்றலாம். ‘முருகனைப் பாடினார்’ என்பது இயல்பான வழக்கு. பாடாண் திணையும் பாட்டுடைத் தலைவன் என்னும் கருத்தும் நமக்குப் பழையன. எனினும் இவ்வொற்றுமை ஓரளவு ஏமாற்றுவது. தமிழில் ஒருவரைப் பாடுதல் பெரும்பாலும் அவரை உயர்த்துதல். யோய்க் புகழ்ச்சியாகவே இருக்க வேண்டுவதில்லை, கேலியாகவும் அமையும். தமிழில் பாட்டு புலவனுக்குரியது. ஸாமி மரபிலோ ஒருவரின் யோய்க் அதை இயற்றியவருக்கன்றி, யாரை யோய்க் செய்தனரோ அவருக்கே உரியது. ஏறத்தாழ இரண்டாவது பெயர் போன்றது. வேற்றுமை உருபு பொருந்துவதால் பொருளும் பொருந்திவிட்டது எனக் கொள்ளுதல் கூடாது.

யோய்க்கில் சொற்கள் குறைவு; பொருளற்ற அசைகள் மிகுதி. மெட்டே ஆளைச் சுட்டுகிறது. இதனை நோக்க, ஐரோப்பா யோய்க்கை அறிந்துகொண்ட முறை வியப்பளிப்பதாகும். 1673-இல் யோகன்னஸ் ஷெஃப்பெரஸ் வெளியிட்ட ‘லாப்போனியா’ என்னும் இலத்தீன் நூலில், உப்சாலாவில் பயின்ற ஸாமி மாணவர் ஒலாவுஸ் சிர்மா அளித்த இரு பாடல்கள் இடம்பெற்றன. மெட்டு இல்லை, மூலச் சொற்களும் இலத்தீன் பெயர்ப்பும் மட்டுமே. அவை 1674-இல் ஆங்கிலத்திற்குச் சென்றன; 1712-இல் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் ஆங்கிலக் கவிதைகளாக உருமாறின. பின்னர் ஹெர்டரின் நாட்டுப்பாடல் தொகுப்பிலும் இடம்பெற்றன. லாங்ஃபெலோவின் கவிதையொன்றின் பல்லவியும் அவ்வழி வந்ததே. எவரும் கேட்டறியாத பாட்டொன்று மொழிக்கு மொழி தாவி இலக்கியப் புகழ் பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் தவறு மறுபக்கம் திரும்பியது. 1908-இல் ஆர்மாஸ் லாவ்னிஸும், 1942-இல் கார்ல் டிரேனும் மெட்டுகளை இசைக்குறிப்பில் தொகுத்து அச்சிட்டனர். அவர்கள் உழைப்பு மதிக்கத்தக்கதே. ஆயினும் சுழன்று சுழன்று வந்து, தொடக்கமோ முடிவோ இன்றி விடப்படும் ஒலியை அளவுக்கோடுகளுக்குள் அடைத்தபோது அது ‘மெல்லிசைத் துண்டு’ ஆயிற்று.

இவ்விரு குறைகளுக்கும் விடைபோல் அமைந்தது நில்ஸ்-அஸ்லாக் வல்கெயாபா (1943–2001) 1988-இல் வெளியிட்ட ‘பெயாய்வி, ஆஹ்ச்சாஜன்’ (‘சூரியன், என் தந்தை’). யோய்க் பாடகராகவும் விளங்கிய அவர், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணிட்ட பகுதிகளை, ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களில் கிடந்த ஸாமி மக்களின் பழைய ஒளிப்படங்களோடு இணைத்தார். 1990-இல் நார்வீஜிய மொழிபெயர்ப்பு வந்தது. 1991-இல் நூல் நார்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு பெற்றது. 1997-இல் ஆங்கிலப் பெயர்ப்பு வெளியாயிற்று. மொழிபெயர்ப்புகளில் அவ்வொளிப்படங்கள் இல்லை. அவை ஸாமி வாசகருக்கே உரியன என்பது ஆசிரியரின் நிலைப்பாடு. அயலார் எடுத்த படங்கள் படமெடுக்கப்பட்டோரின் வழித்தோன்றல்களிடம் மீள்கின்றன. யோய்க் அதற்குரியவரைச் சேர்வது போன்றதே இது. பிறமொழி வாசகருக்கு நேரும் இழப்பு உண்மையானது. அதனை மறைத்துப் புகழுரை எழுதுவோர் நூலை ஊன்றிப் படித்தவர் ஆகார்.

272-ஆம் பகுதி இன்னும் கடுமையானது. துருவமான் மந்தையொன்று இடம்பெயர்வதைச் சொற்களின் அமைப்பே காட்டுகிறது. வயது, பால், நிறம், கொம்பு, குணம் எனத் தனித்தனி மானைக் குறிக்கும் ஸாமிச் சொற்கள் பக்கமெங்கும் சிதறி நகர்கின்றன. மொழிபெயர்ப்புகளில் இப்பகுதி மூலமொழியிலேயே விடப்பட்டது. இது மொழிபெயர்ப்பாளரின் தோல்வியன்று. ஆனால் எங்கும் பின்பற்றத்தக்க நெறியுமன்று. ஏனைய பகுதிகள் பெயர்க்கப்பட்டமையாலேயே இந்த மௌனத்திற்குப் பொருள் உண்டாகிறது. நூல் முழுவதையும் ‘பெயர்க்க இயலாதது’ என ஒதுக்கியிருந்தால், நெடுங்காலம் யோய்க்கைப் பாவமெனத் தடுத்த திருச்சபையினரும் பள்ளிகளும் செய்ததையே வேறு வகையில் செய்வதாக முடிந்திருக்கும்.

தமிழில் பெயர்க்க முனைவோருக்கு ஒரு கவர்ச்சி காத்திருக்கிறது: காரி, செவலை, மயிலை, மறை என மாட்டைச் சுட்டும் வளமான சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றை இட்டு நிரப்பினால் பக்கத்தில் மந்தை நடக்கும்; அது பனிவெளியில் நடவாது. மூலச் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருவதே ஏற்புடையது. அங்கும் இடர் உண்டு. ஸாமியின் மெய்யிரட்டிப்பைத் தமிழ் எழுத்து நன்கு காட்டும். ஒலிப்புடை, ஒலிப்பிலா மெய்களின் வேறுபாட்டைக் காட்டாது. ஒலிபெயர்ப்புக் குறியீடுகளை வகுத்த பின்னரே அப்பகுதியைத் தொடுவது நலம்.