கொள்ளை தெரிகிறது, வங்கி தெரியவில்லை

2023 ஜனவரி 11 அன்று, பொங்கலுக்கு நான்கு நாள் முன்னதாக, அஜித்தின் ‘துணிவு’ படமும் விஜய்யின் ‘வாரிசு’ படமும் ஒன்றாக வந்து இறங்கின. வசூலில் யார் முந்துவார் என்ற சண்டையில் ஒரு விஷயம் அடிபட்டுப் போயிற்று. வங்கிக் கொள்ளையைக் கதையாக வைத்துக்கொண்டு வங்கியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பார்த்த படம் ‘துணிவு’. மினிமம் பேலன்ஸ் இல்லையென்று பிடிக்கும் அபராதம், யாரும் படிக்காத நிபந்தனைகள், மியூச்சுவல் ஃபண்ட் என்று சொல்லிச் சேமிப்பைச் சுருட்டும் வித்தை என்று பெரிய நட்சத்திரப் படங்கள் தொடாத இடத்தை அது தொட்டது. தொட்டதோடு நின்றுவிட்டது என்பதுதான் குறை.

ஏமாற்றம் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் இயக்குநர் எச். வினோத்தின் முதல் படம். 2014-இல் மனோபாலா தயாரிப்பில், நட்டி நடிப்பில் வந்த ‘சதுரங்க வேட்டை’ தமிழில் மோசடியைப் பற்றி வந்த படங்களிலேயே கூர்மையானது. மண்ணுளிப் பாம்பு, எம்.எல்.எம்., கோபுரக் கலசத்து இரிடியம் என்று செய்தித்தாளின் உள்பக்கத்தில் அன்றாடம் வந்துபோன மோசடிகளை எடுத்து, அத்தியாயம் பிரித்து, ஒவ்வொன்றும் எப்படி நடக்கிறது என்று காட்டினார். இளவரசு நடித்த செட்டியாரைப் பாருங்கள். அவர் அசடு அல்ல, வியாபாரம் தெரிந்த ஆள். அவருடைய கணக்குப் புத்தியைத்தான் நட்டியின் காந்திபாபு தூண்டிலில் கோக்கிறான். பாம்புக்குக் கோடி ரூபாய் விலை என்று கேட்டதும் அவர் மனசு லாபத்தைக் கூட்டிப் பார்க்க ஆரம்பிக்கிறது. அந்தக் கணக்கு ஓடும்போதே அவர் கவிழ்ந்தாயிற்று. ஏமாற்றுகிறவனைவிட ஏமாறுகிறவனை அந்தப் படம் நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. பார்க்கிறவர் சிரித்துக்கொண்டே தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து 2017-இல் ‘தீரன் அதிகாரம் ஒன்று’. இங்கே வினோத் திருடனை விட்டுப் போலீஸ் பக்கம் வந்தார். நெடுஞ்சாலையோர வீடுகளைக் குறிவைத்து லாரியில் வந்து கொன்று கொள்ளையடித்த கும்பல், 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தைக் கொன்றது, எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வடமாநிலங்களில் அலைந்தது என்று எல்லாமே நிஜ வழக்கு. துப்பாக்கியைவிடக் கைரேகைக்கு மரியாதை கொடுத்த தமிழ்ப் போலீஸ் படம் என்று அதைச் சொல்லலாம். மாநிலம் மாநிலமாகப் போய் ரேகைகளை ஒப்பிடும் சலிப்பு, வண்டிக்கும் படிக்கும் இழுபறி, மொழி தெரியாத ஊரில் யாரும் கதவு திறக்காத நிலை என்று போலீஸ் வேலையின் அலுப்பே அங்கே விறுவிறுப்பாக மாறியது. முதல் பாதியின் காதல் பாட்டுகளைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இரண்டாம் பாதி வட்டியோடு திருப்பிக் கொடுத்தது.

ஆனால் கும்பல் எப்படி இயங்கியது என்று துல்லியமாகச் சொன்ன படம், ஏன் என்ற கேள்வி வந்ததும் ஒரு சமூகத்தின் பிறப்பையே பதிலாகக் காட்டியது. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டமும் அதை எதிர்த்தவர்கள்மீது 1920-இல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடும் இன்னும் ஆறாத தமிழ்நாட்டில் அது சும்மா போகவில்லை. சீர்மரபினர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன, தயாரிப்புத் தரப்பு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. செட்டியாரின் மனசுக்குள் புகுந்து பார்த்த வினோத்துக்கு ‘தீரன்’ கும்பலின் தலைவன் ஓமாவின் மனசுக்குள் புகத் தோன்றவில்லை.

‘எப்படி’ என்பதில் கெட்டிக்காரத்தனம், ‘ஏன்’ என்பதில் அவசரம் என்ற இந்தப் பழக்கம்தான் ‘துணிவு’ படத்தில் முற்றிப்போயிற்று.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். அண்ணா சாலையையே ஹைதராபாத்தில் செட் போட்டு எழுப்பி, அதன் நடுவில் ஒரு வங்கியை நிறுத்தி, முதல் காட்சிகளிலேயே கொள்ளையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு கும்பல் போட்ட திட்டத்துக்குள் இன்னொருவன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறான் என்ற திருப்பம் நன்றாக வேலை செய்கிறது. துப்பாக்கியும் கையுமாக மைக்கேல் ஜாக்சன் போல ஆடும் அஜித்திடம் நெடுநாள் காணாத குறும்பு இருக்கிறது. மஞ்சு வாரியருக்கு டூயட் கிடையாது, அவரும் களத்தில் இறங்கிச் சுடுகிறார். மோகனசுந்தரத்தின் டிவி நிருபர் வரும் இடமெல்லாம் சிரிப்பு. இடைவேளை வரை வண்டி தடுமாறாமல் ஓடுகிறது.

இடைவேளைக்குப் பிறகு கதாநாயகன் வாத்தியாராகிவிடுகிறார். வங்கி எப்படித் திருடுகிறது என்பதை அவர் வாயால் சொல்கிறார், நாம் கேட்டுக்கொள்கிறோம். பணம் போட்டு ஏமாந்த குடும்பங்கள் அழுகையும் சாவுமாக வரிசையில் வந்து போகின்றன. யாருக்கும் செட்டியாருக்கு இருந்த அளவுக்குக்கூட ஒரு குணம் இல்லை. ஏன் அந்த வங்கியை நம்பினார்கள், யார் சொல்லி நம்பினார்கள் என்பதைப் படம் கேட்கவே இல்லை. ஜான் கொக்கேன் நடித்த வங்கித் தலைவர் முதல் பார்வையிலேயே வில்லன். அப்படிப்பட்ட முகத்திடம் யாராவது ஓய்வூதியப் பணத்தைக் கொடுப்பார்களா?

மயிலாப்பூர்க்காரர்களிடம் கேட்டால் தெரியும். 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி கதவைச் சாத்தியபோது இந்த ஊர்க் குடும்பங்களின் சேமிப்பும் அதோடு போயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட், சென்னை நகரின் பெரிய மனிதர்களில் ஒருவர். பிறகு அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த இடிபாட்டிலிருந்து, மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-இல் எழுப்பியதுதான் இந்தியன் வங்கி. ‘துணிவு’ வெளிவந்து ஒன்றரை ஆண்டில், 1872 முதல் இயங்கிவந்த மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டில் போட்ட வைப்புத் தொகை திரும்பவில்லை என்று முதலீட்டாளர்கள் போலீசுக்குப் போனார்கள். 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். குற்றம் உண்டா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. சினிமாவுக்கான விஷயம் வேறு. வில்லன் முகத்தைப் பார்த்து யாரும் அங்கே பணம் போடவில்லை. தாத்தா காலத்துப் பெயர், மாட வீதிப் பக்கம் போனால் எட்டிப் பார்த்துவிடும் தூரம், வங்கியைவிடக் கொஞ்சம் கூடுதல் வட்டி, கவுன்டரில் தெரிந்த முகம் ஆகியவைதான் நம்ப வைத்தன. ‘சதுரங்க வேட்டை’ எடுத்த கைக்கு இது கரும்புத் தோட்டம். ‘துணிவு’ வேலியோரமாகவே நடந்து போய்விட்டது.

போலீஸ் பக்கமும் இதே கதைதான். சமுத்திரக்கனியின் கமிஷனர் தயாளன் பெரும்பாலும் வங்கிக்கு வெளியே நின்று கெடுபிடி செய்கிறார், உள்ளே இருப்பவன் சொல்வதைக் கேட்டு அதிர்கிறார். ‘தீரன்’ எடுத்தவரின் படத்தில் துப்புத் துலக்க யாருக்கும் வேலை இல்லை. சென்னையில் நிஜமான வங்கிக் கொள்ளை எப்படி முடிந்தது என்பதை நினைத்தால் இந்த வெறுமை இன்னும் உறுத்தும். 2012 ஜனவரியில் பெருங்குடியில் ஒரு வங்கிக் கிளை, பிப்ரவரியில் கீழ்க்கட்டளையில் இன்னொன்று. இரண்டும் பட்டப்பகலில், லட்சக்கணக்கில் மட்டுமே போன கொள்ளைகள். சந்தேக நபர் ஒருவரின் கேமராப் பதிவைப் போலீஸ் வெளியிட்டது. பிப்ரவரி 23 விடிவதற்குள் வேளச்சேரி வாடகை வீடொன்றில் வடமாநில இளைஞர்கள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ், ஒருவரைக்கூட உயிரோடு பிடிக்க முடியவில்லையா என்று கேட்டார்கள் மனித உரிமை அமைப்பினர். கொள்ளைக்காரனும் கமிஷனரும் எதிரெதிரே நிற்கும் படத்தில் அந்தக் கேள்வியின் நிழல்கூட விழவில்லை.

வேறு ஊர்ப் பெரிய கைகளும் இந்த வகைப் படத்தில் சறுக்கியிருக்கிறார்கள். 2009-இல் மைக்கேல் மான் எடுத்த ‘பப்ளிக் எனிமீஸ்’ நினைவுக்கு வருகிறது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வங்கிகளைக் கொள்ளையடித்த ஜான் டிலிஞ்சராக ஜானி டெப், துரத்தும் அதிகாரி மெல்வின் பர்விஸாக கிறிஸ்டியன் பேல். டிலிஞ்சர் தப்பித்த சிறை, சண்டை நடந்த காட்டு விடுதி, 1934 ஜூலையில் அவர் சுட்டு வீழ்த்தப்பட்ட சிகாகோ தியேட்டர் வாசல் என்று நிஜ இடங்களுக்கே போய்ப் படம்பிடித்தார்கள். இவ்வளவு உழைப்புக்குப் பிறகும் படம் நெஞ்சில் ஒட்டவில்லை. 1930-இலிருந்து 1933-க்குள் அமெரிக்காவில் சுமார் 9,000 வங்கிகள் திவாலாயின. தன் பணத்தை விழுங்கிய வங்கியை ஒருவன் கொள்ளையடித்தால் ஜனம் ஏன் கைதட்டாது? அந்தக் கைதட்டலைக் கொடுத்த ஜனம் மானின் படத்தில் ஓரமாகத்தான் நிற்கிறது. டிலிஞ்சருக்குப் பிறகு இறந்த பிரெட்டி பாய் ஃப்ளாய்டையும் பேபி ஃபேஸ் நெல்சனையும் அவருக்கு முன்பே கொன்றுவிடும் அளவுக்கு வரலாற்றை மாற்றிக்கொண்டவர்கள், அந்தச் சுதந்திரத்தை மக்கள் கோபத்தைக் காட்டச் செலவழிக்கவில்லை. மான் பேசாமல் விட்டார், வினோத் பேசியே தீர்த்தார். இரண்டு படத்திலும் பணத்தைப் பறிகொடுத்தவர் ஒரு மனிதராகக் கண்ணில் படவில்லை.

நட்சத்திரப் படத்தில் இவ்வளவுதான் முடியும் என்று வாதாடலாம். அதில் பாதி நியாயம் உண்டு. அஜித் வாயால் சொன்னதால்தான் மினிமம் பேலன்ஸ் அபராதம் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது, அதைச் சின்னப் படம் செய்திருக்க முடியாது. ஆனால் கொள்ளையின் நோக்கம் கொள்ளையைவிட விறுவிறுப்பாக இருக்க முடியும் என்பதற்கு இங்கேயே சாட்சி இருக்கிறது. டிலிஞ்சர் கைவரிசை காட்டிய அதே 1933-இல் வடநாட்டுப் புரட்சியாளர்கள் ஊட்டியில் ஒரு வங்கியைக் கொள்ளையடித்தார்கள். ஆயுதப் போராட்டத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. அது சென்னைச் சதி வழக்காக விரிந்தது. இளைஞர்கள், வெள்ளைக்கார ஆட்சி, துரத்தும் போலீஸ் எல்லாம் இருந்தும் அதைத் தமிழ் சினிமா இன்னும் தீண்டவில்லை.

‘துணிவு’ படத்துக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியிருக்கவில்லை. மாத டார்கெட்டுக்குப் பயந்து, பல வருஷம் பழகிய வாடிக்கையாளரிடமே அந்த மியூச்சுவல் ஃபண்ட் திட்டத்தை விற்கும் வங்கி ஊழியர் ஒருவரைக் கதையின் நடுவில் வைத்திருந்தால் போதும். கமிஷனருக்கு விசாரிக்க ஒரு வழக்கு கிடைத்திருக்கும், கொள்ளைக்காரருக்குப் பிரசங்க வேலை மிச்சமாகியிருக்கும், கடைசியில் கடலில் படகுகளைத் துரத்தவிட்ட செலவும் குறைந்திருக்கும்.