குற்றமின்றிப் பதவி பறித்தல்: நொவ்கொரொட் நகரத் தலைவன் ஒருவனின் அரசியல்

மத்தியகால ருஷ்யாவின் அரசியலை இளவரசர்களின் வரலாறாக மட்டும் நோக்கிப் பழகியோர்க்கு நொவ்கொரொட் நகரம் ஒரு விதிவிலக்காகத் தோன்றும். 1136இல் இளவரசன் விசெவலொட்டை வெளியேற்றிய இந்நகரம், வேண்டிய இளவரசனை அழைப்பதையும் வேண்டாதவனை அனுப்பிவிடுவதையும் தன் உரிமையாகக் கொண்டது. இளவரசனுக்கு எதிரே நகரத்தின் சார்பில் நின்றவன் 'பொசாட்னிக்' எனப்பட்ட நகரத் தலைவன். 'பொயர்' எனப்பட்ட பெருநிலக்கிழார் குடும்பங்களிலிருந்து 'வேச்சே' என்னும் நகரப் பேரவை அவனைத் தெரிவுசெய்தது. அத்தலைவருள் துவெர்டிஸ்லாவ் மிகால்கொவிச் பெரிதும் பேசப்படுபவன். அவன் பேசப்படும் முறையே மீளாய்வுக்குரியது.

நொவ்கொரொட் முதலாம் ஆண்டுப்பதிவேடு 1218ஆம் ஆண்டின்கீழ்த் தரும் செய்தி இது. மத்தேய் என்பவனைத் துவெர்டிஸ்லாவ் இளவரசனிடம் காட்டிக்கொடுத்தான் என்றொரு பொய்வதந்தி பரவியது. வொல்கொவ் ஆற்றின் மறுகரையினரும் நெரெவ் பகுதியினரும் இரவு முழுவதும் தேவாலய மணியடித்துத் திரண்டு, கவசம் பூண்டு வந்தனர். லியூடின் பகுதியினரும் புரூசியத் தெருவினரும் தலைவன் பக்கம் நின்றனர். ஸகொரொட் பகுதியினரோ எப்பக்கமும் சேராது விளைவைப் பார்த்திருந்தனர். (பதிவாளரின் கண் எத்துணைக் கூரியது என்பதற்கு இவ்வொரு குறிப்பே போதும்.) மோதலில் உயிர்கள் மாண்டன, ஒரு வாரம் பேரவைக் கூட்டங்கள் நடந்த பின்னரே அமைதி திரும்பியது.

அப்பொழுது இளவரசன் ஸ்வியாத்தொஸ்லாவ், துவெர்டிஸ்லாவைப் பதவிநீக்குமாறு பேரவைக்கு ஆளனுப்பினான். அவன் செய்த குற்றம் யாது என மக்கள் வினவினர். குற்றம் எதுவுமில்லை என்பதே இளவரசனின் விடை. தன்மீது குற்றமின்மை குறித்து மகிழ்ந்த தலைவன், நகரத் தலைவரையும் இளவரசரையும் தெரிவதில் மக்களே சுதந்திரர் என்றான். குற்றமின்றி எவரையும் நீக்குவதில்லை எனச் சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்ததை நினைவூட்டிப் பேரவை இளவரசனின் கோரிக்கையை மறுத்தது.

19ஆம் நூற்றாண்டில் கொஸ்டொமாரொவ் போன்றோர் நொவ்கொரொட்டில் மக்கள் சுதந்திர மரபொன்றைக் கண்டனர். மேற்கூறிய காட்சி அந்நோக்கிற்கு நன்கு இசைவது. சோவியத் ஆய்வாளர் யானின், 1962இல் வெளிவந்த தமது நூலில், பொசாட்னிக் பதவிக்கான போட்டியை நகரப் பகுதிகளை அடித்தளமாகக் கொண்ட பொயர் குழுக்களின் போராட்டமாக விளக்கினார். இவ்விளக்கமே வலுவுடையது. துவெர்டிஸ்லாவின் தந்தையும் பொசாட்னிக். அவன் படை அவன் தெருவினரே. எனினும் குழுநலன் என்று கூறி முடித்துவிடின், அக்குழுக்கள் தம் நலனுக்காக எடுத்தாண்ட கோட்பாடு கவனத்திலிருந்து நழுவிவிடும். 1260களில் நொவ்கொரொட் இளவரசரோடு செய்த உடன்படிக்கைகளில், குற்றமின்றி ஒருவனின் ஆட்சிப்பொறுப்பைப் பறித்தலாகாது என்பது ஒரு விதியாகவே இடம்பெறுகின்றது. தெருச்சண்டையின் விளைவாக ஒலித்த குரல் அரை நூற்றாண்டு தாண்டியும் வாழ்ந்தது.

ஆயின் அவ்விதி யாரைக் கட்டுப்படுத்தியது என்பதே முதன்மையான வினா. அது இளவரசனைக் கட்டுப்படுத்தியது, பேரவையையன்று. மறு ஆண்டே, 1219இல், புதிய இளவரசனும் நொவ்கொரொட்டினரும் சேர்ந்து துவெர்டிஸ்லாவை நீக்கி, செமியொன் பொரிசொவிச்சை அமர்த்தினர். இம்முறை குற்றம் யாது என எவரும் வினவியதாகப் பதிவில்லை. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் அவனே மீண்டும் தலைவனானான். மக்களே சுதந்திரர் என்று முந்தைய ஆண்டு அவன் கூறியது பெருந்தன்மைதான். தன்னைப் பாதுகாக்க வேண்டிய விதியின் எல்லையையும் அவன் வாயே கூறிவிட்டது. பதிவேட்டின் சாய்வும் இங்கு கருதத்தக்கது. வதந்தியைப் பொய்யென முன்னரே தீர்ப்பளித்துவிட்டுக் கதைகூறும் பதிவாளர் நடுநிலையாளரல்லர். எதிர்த்தரப்பின் குறை என்னவென்பதை நாம் அவர் வாயிலாக அறியவே முடியாது.

1220இல் இளவரசன் விசெவலொட் அவனைக் கொல்ல முற்பட்டபோது துவெர்டிஸ்லாவ் நோயுற்றிருந்தான். பனிச்சறுக்கு வண்டியில் பொரிஸ்-கிளெப் தேவாலயத்திற்குக் கொண்டுவரப்பட்ட அவனைச் சூழ்ந்து புரூசியத் தெருவினரும் லியூடின் பகுதியினரும் அணிவகுத்தனர். முன்னர் ஒதுங்கிநின்ற ஸகொரொட்டினரும் இம்முறை சேர்ந்துகொண்டனர். இளவரசன் பின்வாங்கிப் பேராயர் மித்ரொபானைச் சமாதானம் பேச அனுப்பினான். சத்தியத்தையோ விதியையோ எவரும் நினைவூட்டியதாக இங்கு செய்தியில்லை. அவனைக் காத்தது ஆயுதமேந்திய அயலவரே. நோய் காரணமாகப் பதவி துறந்த துவெர்டிஸ்லாவ், சில வாரங்களின்பின் மனைவி மக்களுக்கும் அறிவியாது அர்காஷ் மடம் புகுந்து துறவியானான். அவன் மகன் ஸ்தெபான் 1230இல் அதே பதவிக்கு வந்து, 1243இல் இறக்கும்வரை அதனை வகித்தான்.