இழிசொல்லும் இழிவெண்ணமும்: 'இண்டர்லோக்' விவாதம் – ஒரு மறுநோக்கு

மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்கிறது. அரசமைப்பே வெளிப்படையாக அனுமதிப்பவை நீங்கலாக, சமயம், இனம், மரபுவழி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டிக் குடிமக்களிடையே வேறுபாடு பாராட்டுவதை அது தடுக்கிறது. இவ்வாக்குறுதி பெற்ற சமுதாயத்திலும் வெறுப்பு எங்ஙனம் நிலைத்து நிற்கிறது என்பதை அறிய, அப்துல்லா ஹுசேனின் 'இண்டர்லோக்' நாவல் எழுப்பிய விவாதம் துணைபுரியும்.

1971இல் நூலுருப்பெற்ற இந்நாவல் மலாய், சீன, இந்தியக் குடும்பங்களின் கதைகளைத் தனித்தனியே கூறி, இறுதியில் அவற்றை ஒன்றிணைக்கிறது. இன ஒற்றுமையே இதன் நோக்கம் என்பதில் ஐயமில்லை. 2011இல் சிலாங்கூர், கோலாலம்பூர் உள்ளிட்ட பகுதிகளில் இது ஐந்தாம் படிவப் பாடநூலாயிற்று. மணியம் என்னும் பாத்திரத்தின் குலம் குறித்த 'பறையா' என்னும் சொல்லால் எதிர்ப்பு வலுத்தது. அவ்வாண்டின் இறுதியில் நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது.

நாவலின் குறை ஒரு சொல்லில் அடங்குவதன்று. தீட்டு என்பதைச் சாதியமைப்பு மனிதர்மேல் சுமத்திய கற்பிதமாகக் காட்டாமல், அம்மனிதரின் இயல்பேபோல் கதைசொல்லியின் குரல் எடுத்துரைக்கிறது. பாத்திரம் ஒன்றின் கூற்றாக வந்திருப்பின் அதனைக் கேள்விக்குள்ளாக்க இடமுண்டு. கதைசொல்லியின் கூற்றோ உண்மை விளக்கமாகவே மாணவரைச் சென்றடையும். ஒற்றுமையை நாடிய படைப்பினுள்ளும் இழிவு தங்கிவிடும் வழி இதுவேயாகும்.

ஆயினும் நம் எதிர்ப்பும் ஆய்வுக்குரியது. 'எங்களை அச்சொல்லால் குறிப்பதா?' என்ற சினத்தினுள் இருவேறு கருத்துகள் கலந்திருந்தன. எவரையும் பிறப்பால் இழிவுபடுத்தலாகாது என்பது ஒன்று. நாம் அவர்களல்லர் என்பது மற்றொன்று. முன்னது சமத்துவக் குரல். பின்னதோ நாவல் செய்த பிழையை நாமே மீண்டும் செய்வதாகும். தோட்டங்களுக்கு வந்த தமிழருள் ஆதிதிராவிடர் கணிசமானோர் என்பது வரலாறு. அவர்தம் வழித்தோன்றல்கள் அவ்வெதிர்ப்பைக் கேட்டபோது எத்தகைய உணர்வை எய்தியிருப்பர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமா?

1893இல் இரட்டைமலை சீனிவாசன் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவு பெயரில் இல்லை, அதனை இழிவாக வழங்குவோரின் எண்ணத்திலேயே உள்ளது என்ற தெளிவு அதில் புலனாகிறது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் அத்தெளிவு நமக்கு முழுமையாகக் கைவரவில்லை.

தெலுக் பங்லிமா காராங் போன்ற, தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் வகுப்பில் அமர்ந்திருக்க, ஆசிரியர் இவ்விவாதத்தைக் கற்பிக்கிறார் எனக் கொள்வோம். 'அச்சொல் தவறு' என்று மட்டும் கூறி அவர் அடுத்த பாடத்திற்குச் சென்றால், அதனைத் தம் வீட்டின் மறைபொருளாகச் சுமக்கும் மாணவர் மேலும் தலைகுனிவார். அச்சொல்லை இழிசொல்லாக்கியவர் யார், அதனால் பயனடைந்தவர் யார் என்று ஆசிரியர் வினவுவாராயின், அம்மாணவர் தலைநிமிர்வார்.

பிறர் நம்மீது காட்டும் இனவெறுப்பைக் கண்டிக்கும் தகுதி, நம்முள் நிலவும் குலவெறுப்பை ஒப்புக்கொள்வதிலிருந்தே தொடங்குகிறது. பாடநூல் மீட்டுக்கொள்ளப்பட்டது, அவ்வெண்ணம் இன்னும் மீட்டுக்கொள்ளப்படவில்லை.