பெயரறிதலும் தன்னறிதலும்: ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ புதினத்தில் தலைவனின் வளர்ச்சி

மிகுபுனைவுப் புதினங்களில் தலைவனின் வளர்ச்சி பெரும்பாலும் ஆற்றலின் பெருக்கமாகவே காட்டப்படுகிறது. மந்திர வாள், கணையாழி, துணைபுரியும் முதியவர் எனப் புறத்தேயிருந்து வந்து சேர்வனவற்றால் அவன் வெற்றி பெறுகிறான். உருசிய நாட்டார் கதைகளை ஆராய்ந்து விளாதிமிர் பிராப் 1928இல் வெளியிட்ட நூலில், தலைவன் சோதனைக்கு உட்படுதலும் மந்திரப் பொருளைப் பெறுதலும் அடுத்தடுத்த வினைக்கூறுகளாக இடம்பெறுகின்றன. அவ்வமைப்பில் நிகழ்ச்சிகள் நகர்கின்றனவேயன்றித் தலைவனின் உள்ளம் மாறவேண்டுவதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குயின் (1929-2018) எழுதி 1968இல் வெளிவந்த ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ இதிலிருந்து விலகி நிற்கிறது. இங்குத் தலைவன் இறுதியில் பெறுவது ஒரு பெயரின் பொருளை மட்டுமே, அப்பெயரும் அவனுடையதே. வளர்ச்சி மொழியின்வழி நிகழ்வதால், இப்புதினத்தைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இலக்கணச் சிக்கல்கள் திறனாய்வுச் சிக்கல்களாகவும் அமைகின்றன.

1. தெரிவும் துன்பமும்

எர்த்சீ என்பது தீவுக்கூட்டங்களாலான கற்பனை உலகம். அங்குத் தொன்மொழியில் ஒரு பொருளுக்குரிய மெய்ப்பெயரை அறிந்தவன் அப்பொருளை ஆளவல்லவன். கான்ட் தீவில் ஆடு மேய்க்கும் சிறுவனுக்கு 13 அகவையில் கெட் என்னும் மெய்ப்பெயரைச் சூட்டுகிறார் ஆசான் ஓகியன். தம்மிடமே இருத்தல், ரோக் தீவின் பள்ளிக்குச் செல்லுதல் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் உரிமையையும் அவரே அளிக்கிறார். கெட் ரோக்கைத் தெரிவுசெய்கிறான். இது பொறுமையின்மையின் தெரிவு. அங்கு உடன்பயிலும் ஜாஸ்பரின் ஏளனத்தால் தூண்டப்பெற்று, இறந்துபட்ட பெண்ணொருத்தியின் ஆவியை அழைக்கிறான். இது செருக்கின் தெரிவு. அவ்வழைப்பால் உண்டான பிளவினூடே பெயரற்ற நிழலொன்று வெளிப்படுகிறது. பிளவை மூடிய தலைமை மந்திரவாதி நெம்மர்ல் உயிர்நீக்கிறார். கெட் முகத்தில் வடுவோடு நெடுங்காலம் நோயுற்றுக் கிடக்கிறான்.

துன்பம் தானாக எவரையும் வளர்ப்பதில்லை என்பதை ஆசிரியர் இவ்விடத்தில் தெளிவாக்குகிறார். நோயினின்று எழுந்தவன் அடக்கமுடையவனாக மாறினும் அச்சமுடையவனாகவும் மாறுகிறான். அடுத்து வரும் தெரிவே வளர்ச்சியைத் தொடங்கிவைக்கிறது. பெண்டோர் தீவின் முதிய பறவைநாகத்தை, பழைய வரலாறுகளைக் கற்றதனால் ஊகித்த அதன் பெயரைக் கொண்டு கெட் கட்டுப்படுத்துகிறான். நிழலின் பெயரைக் கூறுவதாக நாகம் ஆசைகாட்டுகிறது. தன்னுயிரைக் காக்கவல்ல அப்பெயரைக் கேளாமல், தீவு மக்களுக்கு இனித் தீங்கு செய்வதில்லை என்னும் சூளுரையையே அவன் கேட்கிறான். பின்னர், ஆஸ்கில் நாட்டுத் தொல்கல் ஒன்றன்வழி அதே பெயரை அறியும் வாய்ப்பையும் மறுக்கிறான். இறுதியாக ஓகியனின் அறிவுரையால், துரத்தப்படுபவன் திரும்பித் துரத்துபவனாகிறான். மெய்யான ஆற்றல் பெருகப்பெருகச் செல்லத்தக்க வழி குறுகும் என ரோக்கின் ஆசான் ஒருவர் உணர்த்திய கருத்து இவ்வாறு கதையில் மெய்ப்படுகிறது.

2. பெயர்களின் தமிழாக்கம்

தலைவனுக்கு மூன்று பெயர்கள் உண்டு: பிள்ளைப்பெயர், வழக்குப்பெயர், மெய்ப்பெயர். வழக்குப்பெயர் ஆங்கிலத்தில் ஒரு வேட்டைப்பறவையின் பெயர், பொருள் விளங்குவது. மெய்ப்பெயராகிய கெட் ஆங்கிலச் சொல்லன்று. ஆகவே பொருள் மறைந்து நிற்பது. இரண்டனையும் ஒலிபெயர்த்தால் இவ்வேறுபாடு அழியும். முன்னதனை ‘வல்லூறு’ என்றாற்போல் மொழிபெயர்த்து, பின்னதனை மட்டும் ஒலிபெயர்த்தலே தக்கது.

ஆயின் ஒலிபெயர்ப்பிலும் இடர் உண்டு. தமிழில் ‘கெட்’ என்பது கெடு என்னும் வினையை நினைவூட்டுகிறது. மூன்றாம் வேற்றுமை உருபேற்கும்போது ‘கெட்டால்’ என நின்று நிபந்தனை எச்சமாகவே மயங்குகிறது. பொருளற்றதாக இருக்கவேண்டிய பெயர் வேண்டாப் பொருளொன்றைப் பெற்றுவிடுகிறது. ‘கெட் என்பவனால்’ என விரித்தெழுதுவது இம்மயக்கத்தைப் பெரிதும் நீக்கும்.

3. அவன், அவர், அது

ஆங்கிலத்தின் ஆண்பாற் சுட்டு ஒன்றே. தமிழில் அது அவன் எனவும் அவர் எனவும் பிரிகிறது. கெட் மந்திரக்கோல் பெற்றதும் கதைகூறுவோர் அவனை ‘அவர்’ எனச் சுட்டத் தொடங்கின், பதவியைப் பக்குவமாக வாசகர் பிறழ உணர்வர். தீவு மக்கள் தம் பேச்சில் அவனை ‘நீங்கள்’ என்பது இயல்பு. கதைகூற்றிலோ ‘அவன்’ என்பதே இறுதிவரை நிலைபெறல் வேண்டும். 1972இல் வெளிவந்த மூன்றாம் நூலில் தலைமை மந்திரவாதியாக அவன் தோன்றும்போது ‘அவர்’ பொருந்தும்.

இதனினும் அரியது நிழலின் திணை. மூலத்தில் நிழல் அஃறிணையாகச் சுட்டப்படுகிறது. தமிழிலும் ‘அது’ எனலாம். முடிவில் கெட்டும் நிழலும் நேர்நின்று ஒருங்கே ஒரே பெயரை உரைக்க, அவ்விரண்டும் ஒன்றாகின்றன. இவ்விடத்தில் பயனிலை ‘கூறினர்’ என்பதா, ‘கூறின’ என்பதா? திணை விரவி வருமிடத்துச் சிறப்பு, மிகுதி, இழிபு என்பவற்றால் ஒருமுடிபு கொள்ளலாம் என்கிறது நன்னூல். சிறப்பினால் முடித்தால் நிழல் முன்னரே மனிதனாகிவிடுகிறது. இழிபினால் முடித்தால் மனிதன் நிழலாகிவிடுகிறான். மூலத்தின் நோக்கம் இரண்டுமன்று. ‘ஒரே பெயர் இரு குரல்களிலும் எழுந்தது’ எனப் பெயரையே எழுவாயாக்கின் இச்சிக்கல் தீர்கிறது. அங்கு எஞ்சுவது ஒரு பெயரே. ஆதலின் இவ்வாக்கிய அமைப்பு கதையின் கருத்துக்கும் இயைகிறது.

சுருங்கக் கூறின், கெட் வென்ற பகையென ஒன்றில்லை. தன்னால் விளைந்த கேட்டைத் தன்னுடையதென ஏற்றதே அவன் வளர்ச்சி. அதனை மூலம் கதையோட்டத்தால் உணர்த்துகிறது. திணையும் பாலும் வினைமுற்றுதோறும் வெளிப்படும் தமிழில், மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு விகுதியிலும் அதனைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும். அத்தெரிவு பிழைப்பின் சொற்கள் தமிழாகும். தலைவனின் வளர்ச்சி தமிழாகாது.