முதல் ஊசிக்கு முன்னால்

செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் ஐ.சி.யூ.வுக்கு வருகிறவருக்கு, எந்தக் கிருமி என்று தெரியும் முன்பே மெரோபெனம் போன்ற வலிய ஆன்டிபயாட்டிக்கை ஏற்றிவிடுகிறார்கள். இதைக் கண்மூடித்தனம் என்று ஏசுவது எளிது. நான் ஏசமாட்டேன். ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். நோயாளிக்கு இருப்பதோ சில மணி நேரம். 2021ஆம் ஆண்டின் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதலும் இந்த நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கச் சொல்கிறது.

ஆனால் அந்த முறைக்கு இன்னொரு பாதி உண்டு. ஊசிக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும், முடிவு வந்ததும் மருந்தைக் குறுக்கவோ நிறுத்தவோ வேண்டும். பழுது அங்கேதான், அதுவும் பெரும்பாலும் ஐ.சி.யூ.வுக்கு வெளியே தொடங்குகிறது.

ஆரணியில் பட்டு நெய்கிறவருக்குக் கூலி சேலைக் கணக்கில். காய்ச்சலென்று படுத்தால் தறி நிற்கும். அவர் மருந்துக்கடையில் "ஒரு செட் மாத்திரை" கேட்பதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் செட்டில் ஆன்டிபயாட்டிக்கும் இருக்கலாம். குறையாவிட்டால் உள்ளூரில் ஊசி. அதற்கும் மீறினால் வேலூர் ஐ.சி.யூ. அங்கே கல்ச்சருக்கு எடுக்கும் ரத்தத்தில் ஏற்கெனவே மருந்து ஓடுவதால் கிருமி வளராமல் போகலாம். 'வளர்ச்சி இல்லை' என்ற அறிக்கையை நம்பி மெரோபெனத்தை நிறுத்த எந்த மருத்துவருக்குத் துணிவு வரும்? மருந்து நாள்கணக்கில் நீள்கிறது. அதற்குள் மருந்துக்கு மசியாத கிளெப்சியெல்லா என்ற கிருமி குடலில் பெருகி, செருகிய குழாய்கள் வழியே உள்ளே நுழைகிறது. கழுவாத கைகளில் ஏறி அடுத்த கட்டிலுக்கும் போகிறது. பிறகு மிஞ்சுவது கொலிஸ்டின், சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று ஒருகாலத்தில் மூட்டைகட்டி வைத்த மருந்து.

கிருமிகளை இப்படி மருந்துக்கு மசியாமல் செய்யும் என்டிஎம்-1 மரபணு குறித்த 2010ஆம் ஆண்டு ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன. அந்தப் பெயரில் புதுடெல்லி இடம்பெற்றதற்குத்தான் அன்று பெரிய சண்டை! 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தச் சென்னைப் பிரகடனத்தை உருவாக்கின. 2014 மார்ச்சில், மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளுக்கான எச்1 அட்டவணை அமலானது: 46 மருந்துகள், கடையில் தனிப் பதிவேடு, மருந்து அட்டையில் சிவப்புக் கட்டம். செட் மாத்திரையோ அட்டையிலிருந்து கத்தரித்துத் தரப்படுவது. சிவப்புக் கட்டம் கடைக்காரரிடமே தங்கிவிடும்.

கடையை மட்டும் கெடுபிடி செய்வதைவிட, ஆரணி போன்ற ஊர் மருத்துவமனையிலேயே முதல் ஊசிக்கு முன் கல்ச்சர் பாட்டிலில் ரத்தம் எடுத்து, நோயாளியோடு அதே ஆம்புலன்சில் அனுப்புவது கூடுதல் பயன் தரும். அந்தப் பாட்டிலை ஐஸில் வைக்கக்கூட வேண்டாம். வேலூர் சுமார் 40 கிலோமீட்டர்தான்.