வீட்டுத் திரையரங்க ஒலிச்செயலி: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார வீடுகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

வீட்டுத் திரையரங்க ஒலிச்செயலி என்பது திரைப்படத்தின் ஒலித்தடத்தைப் பல தடங்களாகப் பிரித்து, நேரத்தையும் அளவையும் சரிசெய்து, அறையில் உள்ள ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும் கருவி. மிகைப்பியும் (ஆம்ப்ளிபயர்) சேர்ந்தே வந்தால் அதை ஏ.வி. ரிசீவர் என்பர். பேச்சு வழக்கில் எல்லாமே 'ஹோம் தியேட்டர்'தான். 5.1 என்பதில் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என ஐந்து முழுத் தடங்கள் உண்டு. புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று, ஏறத்தாழ 120 ஹெர்ட்சுக்குக் கீழான அதிரொலிக்கு மட்டும் உரியது.

தமிழ்த் திரையுலகம் இத்துறையில் பின்தங்கியதன்று. 1995இல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ முறையில் ஒலித்தது. 2012 டிசம்பரில் முப்பரிமாணத்தில் மறுவெளியீடு கண்ட 'சிவாஜி' டால்பி அட்மோஸ் ஒலியோடு வந்தது. படம் செய்வோர் இவ்வளவு நுணுக்கமாகக் கோத்த ஒலி, கரிசல் காட்டு வீட்டுக்குள் என்ன கதியில் வந்து சேர்கிறது என்பதே இங்குக் கேள்வி.

உள்ளூரில் கட்டிய பெட்டிகள்

இவ்வட்டாரத்தில் மைக் செட் இல்லாமல் திருவிழாவோ கல்யாணமோ நடந்ததில்லை. அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகவே வீட்டுக்கும் 'அசெம்பிள்' செய்த 5.1 பெட்டிகள் வந்தன. ஆறு தடத்துக்கு ஆறு திருகுகள், மொத்த ஒலிக்கு ஒன்று, புளூடூத், பென்டிரைவ் துளை, பாட மைக் துளை என இருக்கும் இப்பெட்டிகள் மலிவானவை. பழுதானால் தெருமுனைக் கடையிலேயே சரிசெய்யலாம். இந்த நன்மையை எந்தப் பெரிய நிறுவனத்தின் கருவியும் தருவதில்லை.

ஆனால் முகப்பில் 'டால்பி', 'டி.டி.எஸ்.' என்று ஒட்டியிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. இவற்றில் பல, இரண்டே தடங்களை வாங்கி ஆறாகக் காட்டுபவை. இடத்தையும் வலத்தையும் கூட்டினால் நடுத்தடம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பின்தடம். கூட்டியதன் அடிப்பகுதியை மட்டும் வடித்தால் சப் ஊஃபர். வசனம் இரு தடங்களிலும் ஒரே அளவாக இருப்பதால் கழித்தலில் அது மறைந்துவிடும், எஞ்சுவது பின்னால் ஒலிக்கும். சாமர்த்தியமான ஏற்பாடுதான். எனினும் அது படத்தில் பதிந்த 5.1 அன்று. அதற்கு ஆப்டிகல் அல்லது எச்.டி.எம்.ஐ. வழியே எண்ணிம ஒலியை வாங்கிப் பிரிக்கும் பலகை உள்ளே இருக்க வேண்டும்.

வாட் கணக்கு இன்னும் மோசம். அட்டைப்பெட்டியில் '5000 வாட் பி.எம்.பி.ஓ.' என்றிருக்கும். உள்ளே இருப்பதோ 12-0-12 வோல்ட், 5 ஆம்பியர் மின்மாற்றி. 24ஐ 5ஆல் பெருக்கினால் 120. அதற்கு மேல் தொடர்ந்து எங்கிருந்து வரும்? எட்டாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்த மாணவரே இதைக் கடையில் நின்று கேட்கலாம்.

நிறுவனக் கருவிகளின் கட்டுப்பாடுகள்

டெனான், யமஹா, ஆன்கியோ போன்றவற்றின் ரிசீவர்களில் குறை வேறு வகை. தேவையான வசதிகள் எல்லாம் உண்டு. தேவையான இடத்தில் இல்லை. 'ஹால்', 'ஸ்டேடியம்' என்று எதிரொலி சேர்க்கும் பொத்தான்கள் ரிமோட்டிலேயே கைக்கு எட்டும். கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் கொண்ட கூடத்தில், கை தட்டினாலே 'ணங்' என்று திரும்புகிறது. அங்கே இன்னும் எதிரொலி எதற்கு? ஜமுக்காளமும் திரைச்சீலையும் போட்டாலே பாதிக் குறை தீரும். வீட்டில் நூல் கட்டுகளும் சேலைகளும் அடுக்கி வைத்திருக்கும் நெசவாளர் வீட்டுக் கூடம், காசு கொட்டிக் கட்டிய புதுவீட்டைவிட இதில் மேல்.

வயதானவர்களுக்கு வசனம் கேட்கவில்லை என்பதே எங்கும் எழும் முறையீடு. ஒலியைக் கூட்டினால் சண்டைக்காட்சியில் வீடே அதிர்கிறது. குறைத்தால் பேச்சு முணுமுணுப்பாகிறது. 5.1 தடத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியில்தான் வரும். அதன் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றினால் போதும். இரவில் 'நைட் மோட்' போட்டால் உரத்த ஒலி தாழ்ந்து மெல்லிய ஒலி உயரும். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலே வைத்துள்ளன. அவ்வாறிருக்க, இந்த வசதி முதல் பொத்தானாக இருக்க வேண்டும். பல கருவிகளில் அது ஆங்கிலப் பட்டியலுக்குள் மூன்று படி தாண்டி ஒளிந்திருக்கிறது.

'ஸ்மால்', 'லார்ஜ்' என்ற சொற்களும் ஏமாற்றுபவை. அவை பெட்டியின் உருவத்தைக் குறிப்பன அல்ல. 'ஸ்மால்' என்றால் ஏறத்தாழ 80 ஹெர்ட்சுக்குக் கீழானதை சப் ஊஃபருக்கு அனுப்பு என்று பொருள். பெரிய பெட்டி வாங்கியவர் பெருமைக்கு 'லார்ஜ்' வைக்கிறார், அடியொலி கரகரக்கிறது.

தூர அளவு மிகுந்த பயனுள்ளது. ஆறு திருகுப் பெட்டிகளில் பொதுவாக இல்லாததும் அதுவே. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகும். ஒரு ஒலிபெருக்கி 3 மீட்டரிலும் மற்றொன்று ஒன்றரை மீட்டரிலும் இருந்தால், அருகில் உள்ளது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல் முந்திக்கொள்ளும். கருவி அதைத் தாமதிக்க வைத்து இரண்டையும் ஒருசேரக் காதுக்குச் சேர்க்கிறது.

இவற்றை எல்லாம் தானே அளக்க, கருவியோடு சிறு மைக் ஒன்று தரப்படுகிறது. டெனானில் இம்முறைக்கு ஆடிசி என்றும் யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ. என்றும் பெயர். அமைதியான அறையை நம்பி உருவான முறை இது. மின்விசிறி சுற்ற, அடுத்த வீட்டு விசைத்தறி 'தடக் தடக்' என்று ஓட அளந்தால், அளவு பிசகும். தறி நிற்கும் வேளை பார்த்து, விசிறியை நிறுத்தி, உட்காரும் இடத்தில் காது உயரத்தில் மைக்கை வைத்து அளக்க வேண்டும். பொருத்த வருபவர் பெரும்பாலும் பகலில், சாமான் ஏறாத வெறுங்கூடத்தில் ஒருமுறை அளந்துவிட்டுப் போகிறார். பிறகு கட்டிலும் பீரோவும் வந்து சேர்கின்றன. மறுபடி அளக்க வேண்டிய மைக், அட்டைப்பெட்டியோடு பரணில் கிடக்கிறது.