காலிப் பாக்கெட்டின் மதிப்பு

புதுச்சேரி கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியைச் சுற்றியுள்ள சிறு கடைகளில், இரண்டு மூன்று நாள் தேவைக்கான சரக்குதான் முன்வரிசையில் இருக்கும். உள்ளே நோயாளி படுத்திருக்கிறார். துணைக்கு வந்தவருக்கு எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும் என்று தெரியாது. பெரிய பாட்டில் எதையும் அவர் தொட மாட்டார். சின்ன சோப்பு, டூத் பிரஷ், பிஸ்கட், அப்புறம், “அண்ணே, ஷாம்பு ரெண்டு கிழிச்சுக் குடுங்க.” கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை உயர்த்தி, தொங்கும் சரத்தின் அடியிலிருந்து இரண்டைக் கிழித்துத் தருகிறார். ஒரு விநாடி வேலைதான். சிறுதொழில் செய்கிறவர்கள் சந்தைப்படுத்தல் வகுப்புகளுக்கு அலைவதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த ஒரு விநாடியை நின்று பாருங்கள் என்று சொல்லத் தோன்றும். அதன் ஊற்று இங்கிருந்து தெற்கே, பக்கத்திலிருக்கும் கடலூரில் இருக்கிறது.

முதலில் அந்தச் சரத்தைப் பார்க்கலாம். இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே புள்ளி புள்ளியாகக் குத்திய கோடு. கடைக்காரர் கத்தரிக்கோல் தேட வேண்டாம். அலமாரியில் இடம் கேட்பதில்லை, ஓர் ஆணி போதும். கண்மட்டத்தில் முகப்பிலேயே தொங்குவதால், விளம்பரப் பலகைக்குக் காசில்லாத முதலாளிக்குச் சரக்கே பலகை. விற்க விற்க அடியிலிருந்து குறைந்துகொண்டே வருவதால் இருப்புக் கணக்கையும் அதுவே சொல்லிவிடுகிறது. இடம், விளம்பரம், கணக்கு மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் தாள் பார்த்துக்கொள்கிறது. இதைவிடச் சிக்கனமான கடைமுகப்பு ஏற்பாடு ஒன்றை நான் கண்டதில்லை.

சின்னப் பாக்கெட்டின் மேல் பித்தாக இருந்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். டால்கம் பவுடரை 100, 50, 20 கிராம் என்று பிரித்துப் போட்டார். எப்சம் உப்பை 5 கிராம் பொட்டலமாக்கினார். தான் செய்வதைக் கூலி வேலைக்காரரும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம். திரவத்தையும் பாக்கெட்டில் அடைத்து விற்பதே வருங்காலம் என்று நம்பினார். ஆனால் அடுத்தடுத்துப் புதிதாகக் கண்டுபிடிக்க ஓடியவருக்கு, கண்டுபிடித்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கலை கைவரவில்லை. இதை அவர் மகன் சி.கே. ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். தந்தையின் மறைவுக்குப் பின் சகோதரர்கள் வெல்வெட் ஷாம்புவைக் கொண்டுவந்தார்கள். கருத்து வேறுபாட்டில் குடும்பத் தொழிலை விட்டு விலகிய ரங்கநாதன், கையிலிருந்த 15,000 ரூபாயோடு 1983இல் தனியே தொடங்கினார். வீடும் அலுவலகமுமாக ஓரிடம், மாத வாடகை 250. தொழிற்கூடம் 300. பாக்கெட் போடும் இயந்திரம் 3,000 ரூபாய். தந்தையின் பெயரிலிருந்து எடுத்து ஷாம்புக்கு ‘சிக்’ என்று பெயர் வைத்தார். முதல் மாதம் 20,000 பாக்கெட் விற்றது.

வெல்வெட்டை அப்போது கோத்ரெஜ் நிறுவனம் மும்முரமாகச் சந்தைப்படுத்திக்கொண்டிருந்தது. அதை எதிர்க்க ரங்கநாதனிடம் பணமில்லை. அவர் அறிவித்த திட்டம் இது: எந்தக் கம்பெனியின் ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட்டைக் கொண்டு வாருங்கள், ஒரு சிக் இலவசம்.

இதில் ‘எந்த’ என்பதை விட்டுவிடக் கூடாது. ஐந்து காலி ஷாம்பு பாக்கெட் யார் வீட்டில் இருக்கும்? ஏற்கெனவே ஷாம்பு போடுகிறவர் வீட்டில். சீயக்காயிலிருந்தும் சோப்பிலிருந்தும் ஒருவரை ஷாம்புக்கு மாற்றும் கடினமான வேலையைப் போட்டிக் கம்பெனி தன் செலவில் முடித்துவைத்திருக்கிறது. இவருடைய இலவசப் பாக்கெட் வழியில் எங்கும் சிந்தாமல் நேரே அந்த வீட்டின் குளியலறைக்குள் போய்விடுகிறது. வாடிக்கையாளர் யார் என்று கணக்கெடுக்க ஆள் அனுப்ப வேண்டாம். அவரே கையில் சான்றோடு கடைக்கு வருகிறார். ஐந்து என்ற எண்ணும் எனக்குப் பிடிக்கும். ஒன்றுக்கு ஒன்று என்றால் கையிருப்பு ஒரே நாளில் காலியாகிவிடும். இருபது என்றால் சேர்த்து வைக்கப் பொறுமை இருக்காது. ஐந்தைச் சேர்ப்பதற்குள் ‘சிக்’ என்ற பெயர் அந்த வீட்டில் சில முறையாவது பேசப்பட்டிருக்கும்.

பிறகு திட்டத்தை மாற்றினார். இனி சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம். இந்த வரிசைதான் நுட்பத்திலும் நுட்பம். இரண்டாவது விதியை முதலிலேயே போட்டிருந்தால் யாரிடமும் சிக் காலிப் பாக்கெட் இருந்திருக்காது, திட்டம் அங்கேயே படுத்திருக்கும். தலையில் போட்டுப் பழகிய பிறகு விதி மாறியதால், ஜனங்கள் பெயர் சொல்லிக் கேட்டார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது.

ஷாம்புவே பார்த்திராத கிராமங்களில் வேறு வழி. ஒரு சிறுவனை உட்காரவைத்து, கூட்டத்தின் நடுவே தலைக்கு ஷாம்பு போட்டுக் கழுவி, அவன் முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். ரஜினிகாந்த் படம் போட்டு, இடையில் விளம்பரம் காட்டி, இலவசப் பாக்கெட் கொடுத்தார்கள். சொல்வதைக் காட்டிலும் தொடவிடுவது ஏன் பலித்தது என்று யோசித்தால், விற்கிற பொருள் தலைக்குப் போடுவது. அதற்குச் சாட்சி விரல்தான்.

அடுத்து மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தன. ஷாம்பு முழுக்கக் கழுவி விடப்படும் பொருள். குளித்து முடித்ததும் நிறமில்லை, நுரையில்லை. மிஞ்சுவது வாசனை ஒன்றே. அதுவும் பூ வைக்கிற கூந்தலில் பூவின் வாசனை! அந்நியமான பொருளுக்கு வீட்டு மணம் கிடைத்துவிட்டது. மாத விற்பனை 30 லட்சமானது. நடிகை அமலா விளம்பரத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்; விற்பனை மாதம் ஒரு கோடியைத் தொட்டது. கையில் காசு சேர்ந்ததும் முதலில் நட்சத்திரத்தைத் தேடுகிறவர்கள், பொருளுக்கு மணம் வந்த பிறகே முகம் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1999இல் 50 காசுக்கு ஒரு பாக்கெட் போட்டார்கள். விலையும் ஒற்றை நாணயமும் ஒன்றாக இருந்தால் பேரம் இல்லை, சில்லறைத் தகராறு இல்லை, சின்னப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பலாம். கோவைக்காரரான சி.கே. பிரகலாத், ஏழைகளும் பெரிய சந்தைதான் என்று உலகமே பேசும்படி புத்தகம் எழுதியது 2004இல். கடலூரில் அந்தப் பாடம் 5 கிராம் எப்சம் உப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது.

விளம்பரக் கணக்கில் யாரும் சேர்க்காத ஒரு நுணுக்கம் இன்னும் இருக்கிறது. முதல் வங்கிக் கடன் கிடைக்க ரங்கநாதனுக்கு மூன்று ஆண்டு ஆயிற்று. ஈடு வைக்க எதுவுமில்லை. கடைசியில் 25,000 ரூபாய்க்குப் பரிந்துரைத்த மேலாளர், இவரிடம் ஈடில்லை, ஆனால் மற்றச் சிறுதொழில் நிறுவனங்களைப் போலன்றி இது வருமான வரி கட்டுகிறது என்று விண்ணப்பத்தில் எழுதினாராம். கடைக்காரரிடமும் வாங்குபவரிடமும் சம்பாதிக்கும் நல்ல பெயரைப் போலத்தான் இதுவும். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் சோப்புத்தூளும் மசாலாவும் பாக்கெட் போடக் கனவு காண்கிறவர்கள், கவர்ச்சியான உறைக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியை இந்த வரித் தாள்களுக்கும் கொடுக்கலாம்.

பாக்கெட்டை இவ்வளவு பாராட்டிவிட்டுச் சாக்கடையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அந்தத் தாளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். அளவில் சிறியது, விலையில்லாதது என்பதால் குப்பை பொறுக்குபவரும் குனிந்து எடுப்பதில்லை. மழைக்காலத்தில் வாய்க்காலை அடைப்பவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் காலிப் பாக்கெட்டுக்கு ஒரு விலை வைத்தால் ஜனங்கள் அதைப் பத்திரப்படுத்தி, எண்ணி, கடைக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று கடலூர்க்காரர் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார். அன்று நோக்கம் விற்பனை. இன்று புதிதாகப் பாக்கெட் போடுகிற ஒரு சிறு முதலாளி அதே திட்டத்தை எடுத்துக்கொண்டு, திரும்பி வந்தவற்றை மூட்டைகட்டிச் சிமென்ட் ஆலையின் உலைக்கு அனுப்பும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளட்டும். அந்தச் சில காசுகளையும் கணக்கில் வைத்தே தன் முதல் சரத்தின் விலையை அவர் எழுத வேண்டும்.